பேர் சொன்னால் திறக்கும் வீடு

வாங்க தம்பி, வாங்க. செருப்பை அங்கயே உட்டுட்டு வாங்க. கதவை இழுக்காதீங்க, அதுக்குப் புடியே கெடையாது. அதாவே சாத்திக்கும். சாத்திக்கிச்சு பாருங்க. சத்தம் ஏதாச்சும் கேட்டுதுங்களா? கேக்காது. அதுதானுங்க இந்த வீடு.

மேஸ்திரி ஆறுச்சாமி போன் பண்ணிச் சொன்னாருங்க. நரசீபுரம் ரோட்டுல எடம் வாங்கியிருக்கீங்க, கட்டடம் லிண்டல் மட்டத்துக்கு வந்துருச்சு, உள்ளாற இந்த மாதிரி பேசுனாக் கேக்கற சமாச்சாரமெல்லாம் வெக்கலாமா வேண்டாமான்னு உங்களுக்கு ஒரே ரோசனைன்னாரு. வெக்கலாமுங்க. தாராளமா வெக்கலாம். ஊருக்குள்ள இந்த வீட்டைப் பத்தி நாலு விதமாப் பேசுவாங்க, உங்க காதுக்கும் வந்திருக்கும். வந்தா வரட்டும். உள்ள இருந்து பாத்தவன் நானு. என்ற வாயால கேட்டுட்டு அப்பறமா நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

உக்காருங்க. வேர்க்குதில்ல? சித்தெ இருங்க.

வெள்ளியங்கிரி, ஹால் ஏசியப் போடு.

அவ்வளவுதானுங்க. காத்து வருதா? எங்கயாச்சும் சுவிட்சு தெரியுதா பாருங்க. நாலு செவுத்தையும் நல்லாப் பாருங்க. ஒரே ஒரு சுவிட்சைக் கண்டுபுடிச்சுச் சொன்னீங்கன்னா வீட்டையே உங்க பேருக்கு எழுதி வெச்சர்றேன். இல்லீங்க. ஒண்ணுகூட இல்ல. இருந்ததையும் எடுத்துப் பூசியாச்சு.

வெள்ளியங்கிரிங்கறது நாந்தானுங்க. எங்கப்பன் மலைக்கு வேண்டிக்கிட்டு வெச்ச பேரு. அந்தா, அந்தக் கண்ணாடி வழியாப் பாத்தீங்கன்னா தெரியுது பாருங்க மலை, அந்த மலைப் பேருதான். வீட்டுக்கும் அதையே வெச்சுட்டேன். போர்டுல இல்லீங்க, கூப்புடற பேரு. இந்த வீட்டுல ஒரு வேலை ஆகோணும்னா முதல்ல பேரைச் சொல்லோணும், அப்பறம் வேலையச் சொல்லோணும். பேரைச் சொல்லாம நாள் பூராப் பேசினாலும் அது காதுல வாங்காது. வாங்கும், ஆனாச் செய்யாது.

இதையெல்லாம் வெச்சுக் குடுத்தது தாரணின்னு ஒரு பொண்ணுங்க. வீட்டுக்கு உள்வேலை பண்றதுக்குன்னே படிச்ச பொண்ணு. கெட்டிக்காரி, ஆனா வாயி கொஞ்சம் எச்சு. என்ன பேரு வெக்கட்டும் சார்னு கேட்டா. என்ற பேரையே வைன்னேன். அந்தப் பக்கம் என்ற சம்சாரம் சாந்தாமணி காப்பி டம்ளரோட நின்னுட்டிருக்கறா. அவளை ஒரு பார்வை பாத்துட்டு இந்தப் பொண்ணு சொல்லுது, "சார், அம்மா உங்களை ஏனுங்கன்னுதான கூப்புடறாங்க. அதையே வெச்சரலாம் சார். ரெண்டு பேருக்கும் சுலபம்." நான் சொன்னேன், "ஏனுங்கன்னு கூப்ட்டா வர்றதுக்கு நான் இருக்கறேன் அம்மணி. வீட்டுக்கு என்ற பேரே இருக்கட்டும்."

தப்புங்களா அது? முப்பத்தாறு வருசம் கிரைண்டர் கம்பெனி நடத்துனவன் நானு. நாப்பது பேரு வேலை பாத்தாங்க. வெள்ளியங்கிரி சொல்லிட்டாருன்னாத்தான் அங்க ஒரு மோட்டாரு ஓடும், வெள்ளியங்கிரி சொல்லிட்டாருன்னாத்தான் நிக்கும். கம்பெனிய மூடிட்டு வீட்டுல வந்து உக்காந்தா என்ற பேரைச் சொல்றதுக்கு ஒரு ஆளில்ல. வீடாச்சும் கேக்கட்டும்னு நெனச்சேன்.

உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை நாளாச்சு? ஆறு மாசமா. உங்க ஊட்டுக்காரம்மா உங்களை என்னன்னு கூப்புடுவாங்க? பேர் சொல்லியா? முழுப் பேரா, பாதிப் பேரா? சரி சரி, சிரிக்காதீங்க, நான் தப்பாச் சொல்லல. இந்தக் காலம் அப்படி. உங்க வீட்டுல இது பிரச்சினையே வராது. ஆனாலும் கேட்டு வெச்சுக்கறது நல்லது பாருங்க.

சாந்தாமணி சொல்ல மாட்டா. கல்யாணத்தன்னிக்கே சொல்ல மாட்டேன்னுட்டா. எங்க பக்கம் பொண்ணை வாசல்ல நிறுத்தி, மாப்பிள்ளை பேரைச் சொன்னாத்தான் உள்ள உடுவேன்னு நாத்தனாருங்க மறிப்பாங்க. ஒரு வெளையாட்டுத்தான். எல்லாப் பொண்ணும் ஒரு தடவை சொல்லிப்போட்டு ஓடிரும். இவ அரை மணி நேரம் வெயில்ல நின்னா. கடைசியில எங்கம்மாதான், போகுது உடுங்கன்னு உள்ள கூப்ட்டாங்க. அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துச்சுங்க.

என்ற பேரு மட்டுமில்ல, அந்தப் பேரு எதுலெல்லாம் ஒட்டியிருக்குதோ அது எதையும் சொல்ல மாட்டா. வெள்ளிக்கிழமை வரும்ல, அவளுக்கு அது வியாழனுக்கு மறுநாளு. வெள்ளிக் கொலுசு, வெள்ளிக் குத்துவெளக்கு, அதெல்லாம் வெளுத்த கொலுசு, வெளுத்த வெளக்கு. நகைக்கடைக்காரனே ஒருக்கா முழிச்சுப்போட்டான். இந்த மலை இருக்குதே, அது மேக்கால மலை. சாமி மேக்கால சாமி. எங்க பையன் நவநீதன் பொறந்தப்ப, வலியில படுத்துக் கெடக்கறா, புருசன் பேரென்னன்னு நர்சம்மா கேட்டிருக்கறாங்க. இவ சன்னல் வழியா மலையக் காட்டியிருக்கறா. நர்சம்மாவுக்கு என்ன புரியும்? புருசன் காட்டு வேலைன்னு எழுதி வெச்சுட்டாங்க. அதைச் சொல்லிச் சொல்லி நான் பல நாளு சிரிச்சிருக்கறேன்.

ஏண்டி சொல்ல மாட்டேங்கறேன்னு ஒருக்கா நேராவே கேட்டுட்டேன். எதுத்துப் பேசற பொம்பள இல்ல அவ. தலையக் குனிஞ்சுட்டே சொன்னா, "பேர் சொன்னா ஆயுசு கொறையும்பாங்க. உங்க ஆயுசு எனக்கு வேணுங்க."

என்ன பேச்சுங்க இது. எனக்கு அறுபத்தி நாலு வயசு, கல்லு மாதிரி இருக்கறேன். பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னா கம்பெனியில அத்தனை பேரு சொன்னதுக்கு நான் எப்பவோ போய்ச் சேந்திருக்கோணும். அவ சொன்னா மட்டும் கொறையுமாமா? இதை மரியாதைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் அப்படி நெனைக்கலீங்க. அது புடிவாதம். ஊமைப் புடிவாதம்.

வீட்டுக்குப் பால் காய்ச்சினோமே, அன்னிக்கு வெச்சேன் ஒரு ஏற்பாடு. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் ஹால்ல நிக்கறாங்க. வெளக்கை வீட்டுக்காரிதான் முதல்ல ஏத்தோணும், அது வழக்கம். இந்த வீட்டுக்கு ஏத்த மாதிரி ஏத்தட்டும்னு திரையெல்லாம் இழுத்து உட்டு, ஹாலை இருட்டாக்கிப்போட்டு, சாந்தாமணிய நடுவுல நிறுத்துனேன். சொல்லு, பேரைச் சொல்லி வெளக்கைப் போடச் சொல்லுன்னேன். மேல பாருங்க, இந்தச் சீலிங்குக்குள்ள எழுவத்தி ரெண்டு லைட்டு இருக்குது. ஒரு வார்த்தை சொன்னா அத்தனையும் ஒட்டுக்கா எரியும். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் புடிக்கறாங்க.

நிக்கறா. நின்னுட்டே இருக்கறா. பட்டுச்சேலையில வேர்வை ஊத்துது. ஒருத்தன் சிரிக்கறான், ஒருத்தி கிண்டல் பேசறா. அவ அண்ணன், மச்சான் உடுங்க, நீங்களே சொல்லிருங்கங்கறாரு. இவ திரும்பி என்னையப் பாத்து, மெதுவா, "ஏனுங்க"ன்னா. அவ்வளவுதான். என்னையக் கூப்புடறா, வீட்டை இல்ல. கடைசியில நானே சொல்லி நானே வெளக்கைப் போட்டேன். இருட்டு போனதும் எல்லாரும் கையத் தட்டுனாங்க. அந்தக் கைதட்டலு எனக்கு அடி மாதிரி இருந்துச்சுங்க. கட்டுன வீட்டுல, கட்டுனவ, என்ற பேரைச் சொல்ல மாட்டேன்னு ஊர் முன்னால நின்னா அதுக்கு வேற என்ன அர்த்தம், சொல்லுங்க.

சரி, எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம்னு உட்டுட்டேன். நான் வீட்டுல இருந்தா என்ன வேணுமோ நான் சொல்லுவேன். நான் வெளிய போயிட்டா அவ பாடு. வெளக்கு வேணும்னா சொல்லிக்கட்டும். பேனு வேணும்னா சொல்லிக்கட்டும். யாரு தடுத்தாங்க? ஒரே ஒரு வார்த்தை.

அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? பொழுது இருக்கறப்பவே சமையலை முடிச்சுக்குவா. வெளிச்சம் போனா வெளிய வந்து போர்டிகோ படியில உக்காந்துக்குவா, காத்துக்கு. ஒருக்கா சாயங்காலம் வர்றேன், வீடே இருட்டு. சமையக்கட்டுல மட்டும் வெளிச்சம் தெரியுது. அடடே, சொல்லிப்போட்டாளாட்ட இருக்குதுன்னு ஆசையா எட்டிப் பாக்கறேன். ஃபிரிட்ஜைத் தொறந்து வெச்சுட்டு, அது முன்னால மணை போட்டு உக்காந்து, அந்த வெளிச்சத்துல கீரை ஆஞ்சிட்டிருக்கறா. எனக்குச் சிரிப்பு அடங்கலீங்க. இத்தனை செலவழிச்சு இப்படி ஒரு வீட்டைக் கட்டிக் குடுத்தா ஃபிரிட்ஜு லைட்டுல குடும்பம் நடத்தறவளை என்ன பண்றது?

அப்பறம் திடீர்னு நான் இல்லாதப்பவும் பேனு ஓட ஆரம்பிச்சுது. விசாரிச்சா, வேலைக்கு வர்ற பாப்பாத்தி. காலையில வந்ததும் வெள்ளியங்கிரி வெளக்கைப் போடு, வெள்ளியங்கிரி பேனைப் போடுன்னு எல்லாத்தையும் போட்டு உட்டுட்டுப் போயிருது. அது என்னவோ தன்ற பேரனை வேலை ஏவற மாதிரி ஏவுதுங்க. கூப்ட்டுச் சொல்லிப்போட்டேன், இன்னொருக்கா உன்ற வாயில அந்தப் பேரு வந்துச்சுன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்னு. அதோட நின்னுச்சு.

பட்டனுங்க வேற. தாரணி சொல்பேச்சுக் கேக்காம, ஆபத்துக்கு இருக்கட்டும் சார்னு ரூமுக்கு ஒரு பட்டன் வெச்சிருந்துச்சு. சின்னதா, செவுத்துக் கலர்லயே, கண்ணுக்குத் தெரியாது. ஆனா இவளுக்குத் தெரிஞ்சு போச்சு. பட்டனை அமுக்கிக் காலத்தை ஓட்டிட்டிருந்திருக்கறா. ஆளைக் கூட்டியாந்து எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டேன். தாரணி வந்து தகராறு. "சார், டிரெஸ்ஸிங் ரூம்ல மட்டுமாவது இருக்கட்டும். உள்ள இருந்து தொறக்க வேற வழியே இல்ல சார்"ங்குது. பேரைச் சொன்னாத் தொறக்குமே அம்மணின்னேன். பையத் தூக்கிட்டுப் போயிருச்சு.

அந்த டிரெஸ்ஸிங் ரூமை நீங்க பாக்கோணுமே. எங்க பெட்ரூமுக்குள்ள இருக்குது. துணிக்குத் தூசி அண்டக் கூடாதுன்னு சன்னலே வெக்கல. வெளிய இருந்து கிட்டப் போனாலே கதவு தொறக்கும், அதுக்கு மேல ஒரு கண்ணு வெச்சிருக்குது. உள்பக்கமும் அதே மாதிரி ஒரு கண்ணு இருந்துச்சு. தொங்கற துணி ஆடுனாக்கூடத் தொறந்து தொறந்து மூடுதுன்னு அதை எடுத்தாச்சு. உள்ள போனா இருவது எண்ணறதுக்குள்ள சாத்திக்கும். காத்துகூடப் புகாது. அவ்வளவு நேர்த்தி. அதனால நான் எப்ப வெளிய போனாலும், வெள்ளியங்கிரி எல்லாக் கதவையும் தொறந்தே வைன்னு சொல்லிட்டுத்தான் போவேன். மறந்ததில்ல.

போன சித்திரையில நாங்க அஞ்சு பேரு மலை ஏறுனோம். வருசா வருசம் ஏறறதுதான். ஏழு மலையும் ஏறி, அங்கயே தங்கி, மறுநாள் மதியம் எறங்கற மாதிரி திட்டம். சனிக்கெழமை. பாப்பாத்திக்கு ரெண்டு நாள் லீவு குடுத்துட்டேன். சாந்தாமணி கட்டுச்சோறு கட்டிக் குடுத்தா. அவளுக்கு மூச்சிழுப்பு உண்டுங்க, ரெண்டு நாளா எச்சா இருந்துச்சு. உறிஞ்சற மருந்து சமையக்கட்டு அலமாரியில இருக்குது, போனும் அங்கயே சார்ஜில இருக்குதுன்னு எனக்குத் தெரியும். வாசல்ல நின்னு, "ஏனுங்க, பாத்து ஏறுங்க"ன்னா. நான் செருப்பை மாட்டிட்டு வந்துட்டேன்.

எல்லாக் கதவையும் தொறந்தே வைன்னு அன்னிக்குச் சொல்லலீங்க. மறந்துட்டேன்னுதான் பையன்கிட்டச் சொன்னேன். அவ அண்ணன்கிட்டயும் அதான் சொன்னேன். உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கோணும், நாளைக்கு நீங்களும் வீடு கட்டி வாழப் போறவரு. மறக்கலீங்க. ரெண்டு நாள் ஆளில்லாம இருந்தா எப்படியும் ஒருக்கா சொல்லித்தான் ஆகோணும். மனுசி எத்தனை நேரந்தான் இருட்டுல, புழுக்கத்துல இருப்பா? இந்த வீடு பேசறதையெல்லாம் எடுத்து வெச்சுக்கும். திரும்பி வந்து போட்டுக் கேக்கலாம்னு இருந்தேன். முப்பத்தஞ்சு வருசத்துல ஒருக்கா அவ வாயில என்ற பேரைக் கேக்கோணும்னு ஆசைப்பட்டது தப்புங்களா? நீங்க தெனம் கேக்கறவரு, உங்களுக்கு அந்த ஏக்கம் புரியாது.

ரெண்டாவது மலை ஏறி உக்காந்திருக்கறோம், போன்ல ஒரு தகவல். டிரெஸ்ஸிங் ரூமில் குரல், கட்டளை இல்லை. அது அப்படித்தானுங்க வரும், பேச்சு கேட்டுப் பேரு கேக்கலன்னா. ஒண்ணு வந்துச்சு. அடுத்து இன்னொண்ணு. சுக்குக் காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பதினாறு. கூட இருந்தவங்ககிட்டக் காட்டுனேன். எங்க வீட்டுக்காரி மாட்டிக்கிட்டா, இன்னும் சித்த நேரத்துல வழிக்கு வந்துருவா பாருங்கன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தரு மட்டும், பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டுரு வெள்ளியங்கிரின்னாரு. போடலீங்க. அந்த நேரம் போட்டா இத்தனை நாளு காத்திருந்தது வீணாப் போயிருமே. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு பாத்தேன். மூணாவது மலை தாண்டுனா சிக்னலு கெடைக்காது.

அன்னிக்கு என்ன கூட்டமுங்கறீங்க. மலை பூரா ஆளு. வெள்ளியங்கிரி ஆண்டவா, வெள்ளியங்கிரி ஆண்டவான்னு கத்திட்டே ஏறறாங்க. முன்னாலயும் அந்தப் பேரு, பின்னாலயும் அந்தப் பேரு. காதுக்கு எத்தனை எதமா இருந்துச்சு தெரியுங்களா.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பேரைச் சொன்னேன், வாசல் தொறந்துச்சு. கூப்ட்டேன், பதிலில்ல. பெட்ரூமுக்குள்ள போயி அந்தக் கதவுகிட்ட நின்னதும் அதாவே தொறந்துச்சு. கதவை ஒட்டி உக்காந்திருந்தா. சாஞ்சு உக்காந்திருந்தவ, கதவு நகந்ததும் என்ற கால் மேல சரிஞ்சா. உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. முந்தானையச் சுருட்டி வாயில அழுத்தி வெச்சிருந்தா. தேச்சு வந்த என்ற வேட்டி சட்டையெல்லாம் அலமாரியில ஒழுங்கா அடுக்கியிருந்துச்சு. அதை வெக்கத்தான் உள்ள போயிருக்கறா.

அழுதேனுங்க. அழுகாம இருப்பனா? நானும் மனுசந்தானுங்களே. டாக்டரு வந்து பாத்துட்டு இழுப்பு வந்து போயிருச்சுன்னு எழுதிக் குடுத்தாரு. அதுதான் நெசம். ஆனா பையன் அதை ஒத்துக்கல. புனேயிலிருந்து வந்தவன் என்ற போனைப் புடுங்கிப் பாத்தான். இருநூத்திப் பதினாலு தகவலு. எல்லாத்தையும் உக்காந்து எண்ணுனான். எண்ணிப்போட்டு, "உங்களை அப்பான்னு கூப்புடறதும் இன்னையோட சரி"ன்னான். பதினோரு மாசமாச்சு, பேச்சு வார்த்தை இல்ல. அம்மாக்காரி புருசன் பேரைச் சொல்ல மாட்டா, பையன் அப்பான்னு சொல்ல மாட்டான். அதே ரத்தம்.

நான் என்ன பண்ணுனேன்னு கேக்கறேன். பூட்டி வெச்சனா? அடிச்சனா? கதவுகூட அவ பேச்சைக் கேக்கறதுக்குத் தயாரா நின்னுட்டுத்தான இருந்துச்சு. ஆறு மணி நேரம். ஆறு மணி நேரத்துல ஒரு தடவை சொல்லியிருந்தாப் போதும்.

அந்தப் பதிவெல்லாம் இருக்குதுங்க. கேட்டேன். முழுசாக் கேட்டேன், ஒரு தடவையில்ல. காலையில ஒம்பதே முக்காலுக்கு ஆரம்பிக்குது. முதல்ல சாதாரணமாத்தான் பேசறா. ஏனுங்க, கதவு சாத்திக்கிச்சுங்கன்னு. நான் என்னவோ பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரி. அப்பறம், ஏனுங்க, மூச்சு முட்டுதுங்கன்னு. அப்பறம் பேச்சு கொறைஞ்சு வெறும் ஏனுங்க, ஏனுங்க. கொஞ்ச நேரம் இருமறா, மறுக்காவும் ஏனுங்க. மலையக் காட்டலாம்னாலும் அங்க சன்னலு கெடையாது பாருங்க. மூணரை மணி வாக்குல ஒரு எடத்துல, "வெ"ன்னு ஆரம்பிச்ச மாதிரி இருக்குது. வெ, வெள். அதுக்கு மேல வரல. நிறுத்திட்டாளா, மூச்சு நின்னு போச்சா, தெரியல. அந்த எடத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. சில நாளு சொல்ல வந்தாங்கற மாதிரி கேக்குது. சில நாளு வெறும் இருமலாக் கேக்குது. நீங்க வேணும்னா கேட்டுச் சொல்றீங்களா? வேண்டாமா. சரி, போகுது.

அப்பறந்தான் ஒரு ரோசனை வந்துச்சு. இப்பெல்லாம் ஒருத்தரு குரலைக் குடுத்தா அதே குரல்ல வேற பேச்சைப் பேச வெக்கலாமாமில்ல. தாரணிகிட்டக் கேட்டேன். முடியாதுன்னு போனை வெச்சுட்டா, அதுக்கப்பறம் எடுக்கறதே இல்ல. வேற கம்பெனிக்காரன் ஒருத்தன் செஞ்சு குடுத்தான். எத்தனை நேரத்துக் குரலு இருக்குதுங்க சார்னு கேட்டான். ஆறு மணி நேரம்னேன். தாராளமாப் போதும்னான்.

என்னங்க, எந்திரிச்சிட்டீங்க? மாடியெல்லாம் இன்னும் பாக்கலையே. திரை தானா எறங்கும், படியில கால் வெச்சா லைட்டு எரியும், குளிக்கற தொட்டி சொன்னா ரொம்பும். ஒரு வாய் காப்பியாச்சும் குடிச்சிட்டுப் போங்க. மெசினுதான் போடும், யாருக்கும் சிரமமில்ல. வீட்டுக்கு ஆளு வந்தே ரொம்ப நாளாச்சு. பாப்பாத்தியும் நின்னுக்கிச்சு. சரி, அவசரம்னாப் போங்க. ஊட்டுக்காரம்மா காத்திட்டிருப்பாங்க.

அட, கதவை என்னத்துக்குத் தடவறீங்க? புடி கெடையாதுன்னு வந்தப்பவே சொன்னனே. பேரைச் சொன்னாத்தான் தொறக்கும். நீங்க சொல்ல வேண்டாமுங்க, வயசுல சின்னவரு, கூச்சமா இருக்கும். இருங்க. போன்ல ஒரு அமுக்கு அமுக்குனாப் போதும். அவளைச் சொல்லச் சொல்றேன்.

கேட்டுதுங்களா? அவதான். சாந்தாமணி குரலேதான். வெள்ளியங்கிரி, கதவைத் தொற. எத்தனை பதனமாச் சொல்றா பாருங்க. தொறந்துருச்சா? இவ்வளவுதானுங்க விசயம். அன்னிக்கும் இதேதான் நடந்திருக்கும்.

பாத்துப் போங்க தம்பி, படி வழுக்கும். காலையில எந்திரிச்சதுலயிருந்து எல்லாத்துக்கும் அவதான் சொல்றா. உங்களை மாதிரி ஆளு வந்தாத் தவிர நான் வாயே தொறக்கறதில்ல. தெனம் முப்பது, நாப்பது தடவை என்ற பேரைச் சொல்றா. போன வாரம் ஆஸ்பத்திரியில முழுசா எல்லாமும் பாத்துட்டு வந்தேன். பிரசர் இல்ல, சக்கரை இல்ல, இன்னும் இருவது வருசத்துக்குக் கவலையே இல்லைன்னு டாக்டரே சொல்றாரு. பேர் சொன்னா ஆயுசு கொறையும்னாளே, எனக்கு ஒண்ணுமே ஆகலீங்க.